பொருளை விட்ட அகராதி

அகராதியை விமரிசனம் செய்வது உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். நாவலை விமரிசிக்கிறோம், கவிதையை விமரிசிக்கிறோம். அகராதியை யாரும் விமரிசிப்பதில்லை. வேண்டிய சொல் கிடைத்ததும் மூடிவைத்துவிடுகிறோம். ஆனால் அகராதியும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய நூல்தான். எந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது, ஒரு சொல்லின் பொருளை எத்தனை வார்த்தைகளில் அடக்குவது என்று ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் ஒரு தீர்மானம் செய்திருக்கிறார். 1755-ல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட டாக்டர் ஜான்ஸன் ஓட்ஸ் என்ற தானியத்துக்குப் பொருள் எழுதுகிற சாக்கில் ஸ்காட்லாந்துக்காரர்களை ஒரு குத்துக் குத்தினார் என்பதை இலக்கிய மாணவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மனிதன் எழுதியதில் மனிதனுடைய மனம் தெரியத்தான் செய்யும். மனம் தெரிகிற எதையும் விமரிசிக்கலாம் என்பது என் கட்சி.

நான் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புவது ஒரு விசித்திரமான அகராதி. ஸ்க்ராபிள் என்ற சொல்லாட்டம் ஆடுகிறவர்களுக்காகவே அமெரிக்காவில் மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனத்தார் 1978-ல் முதன்முதலாக வெளியிட்டார்கள். பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டன. வழக்கமான அகராதியில் நாம் எதிர்பார்க்கிற பல விஷயங்கள் இதில் கிடையா. சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லை. எப்படி உச்சரிப்பது என்ற அடையாளம் இல்லை. எந்த ஆசிரியர் எங்கே கையாண்டார் என்ற மேற்கோள் இல்லை. இரண்டெழுத்து முதல் எட்டெழுத்து வரையுள்ள சொற்களைத் தேடி எடுத்து, பக்கத்தில் ஒரே ஒரு பொருளை, அதுவும் பெரும்பாலும் ஒரே வரியில், போட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஏழு பொருள் இருந்தாலும் ஒன்று போதும் என்பது அவர்கள் தீர்மானம். ஆட்டக்காரனுக்குத் தெரியவேண்டியது, இந்தச் சொல் உண்டா இல்லையா என்பதுதான். அந்த ஒரு வரிப் பொருளும் ஒரு மரியாதைக்காக வைத்ததுபோல் இருக்கிறது.

இந்த அகராதி எப்படிப் பிறந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1930-களில் அமெரிக்காவில் தொழில் முடங்கிக் கிடந்த காலத்தில் வேலையிழந்த ஆல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் யோசித்து உண்டாக்கியது இது. பட்ஸ் வெறும் பொழுதுபோக்கு ஆசாமி அல்ல. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று பொறுமையாக எண்ணினார். அந்தக் கணக்கின்மேல்தான் ஆட்டம் எழும்பியது. 100 சில்லுகள், அதில் 2 வெற்றுச் சில்லு. இ என்ற எழுத்துக்கு 12 சில்லு, ஒவ்வொன்றுக்கும் ஒரே புள்ளி. க்யூவும் இஸட்டும் ஒவ்வொன்றுதான். மதிப்பு 10 புள்ளி. எஸ் என்ற எழுத்து ஆங்கிலத்தில் நிறைய வருமென்றாலும், பன்மை விகுதியாகச் சேர்த்துச் சுலபமாக ஜெயித்துவிடக் கூடாதென்று நாலே நாலு சில்லோடு நிறுத்திவிட்டார். ஒவ்வொருவர் கையிலும் 7 சில்லு. 225 கட்டமுள்ள பலகையில் சொற்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கவேண்டும். ஏழையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 புள்ளி அதிகம்.

ஜேம்ஸ் புருனோ என்ற நண்பர் இதற்கு ஸ்க்ராபிள் என்று பெயரிட்டு 1948-ல் பதிவு செய்தார். 1949-ல் 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நஷ்டப்பட்டார். 1952-க்குப் பிறகு ஆட்டம் காட்டுத்தீயாகப் பரவியது. வீட்டில் விருந்துக்குப் பின் ஆடுகிறவரையில் சொல் எது, சொல்லல்லாதது எது என்ற சண்டையை அத்தையோ தாத்தாவோ தீர்த்துவைத்தார்கள். பணம் கட்டிப் பந்தயம் ஆடத் தொடங்கியதும் அத்தையின் தீர்ப்பு போதவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. ஐந்து கல்லூரி அகராதிகளை வைத்துக்கொண்டு சொற்களைச் சேகரித்து, அந்த நீதிமன்றத்தை ஒரு புத்தகமாக அமைத்தார்கள்.

இனி அதில் உள்ள சொற்களைப் பார்க்கலாம். பந்தயக்காரர்கள் முதலில் நெட்டுருப் போடுவது இரண்டெழுத்துச் சொற்கள். அமெரிக்கப் பட்டியலில் 100-க்கு மேல் இருக்கின்றன. பிரிட்டிஷ் பட்டியலில் இன்னும் அதிகம். ஒரு சொல்லுக்கு இணையாக இன்னொரு சொல்லை ஒட்டி வைக்கும்போது இடையில் உண்டாகிற சிறு சிறு சேர்க்கைகளும் சொல்லாக இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே சந்து பொந்துகளில் நுழைய இந்தக் குட்டிச் சொற்கள் உதவுகின்றன. கையில் க்யூ வந்துவிட்டது, யூ வரவில்லை என்றால் ஆட்டக்காரனுக்கு வயிற்றில் புளி கரைக்கும். கடைசிவரை கையில் தங்கிவிட்டால் புள்ளி குறையும். அவனைக் காப்பாற்றுகிறது சீ என்ற சீனச் சொல். ஆங்கிலத்தில் க்யூவும் ஐயும் சேர்த்து எழுதுகிறார்கள். உடம்பில் ஓடுகிற உயிர்ச்சக்திக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர். அவர்களுடைய வைத்தியமும் தத்துவமும் அதன்மேல் நிற்கின்றன. 2006-ல் அமெரிக்கப் பந்தயங்களில் அனுமதி கிடைத்த பிறகு, மிகுதியாகப் பலகையில் விழுகிற சொற்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. அதே சமயத்தில் உள்ளே வந்த இன்னொரு சொல் ஸா. பீட்ஸா என்ற பண்டத்தை அமெரிக்கப் பிள்ளைகள் தலையை வெட்டிச் சுருக்கிக் கூப்பிடுகிற பெயர் அது. ஆயிரக்கணக்கான வருஷத்துச் சிந்தனையும் மாலைச் சிற்றுண்டியும் பட்டியலில் சரிசமம். ஒவ்வொன்றும் 11 புள்ளி.

ஹவாய்த் தீவில் எரிமலைக் குழம்பு கரடுமுரடாக உறைந்து கிடப்பதை ஆ-ஆ என்கிறார்கள்; ஆங்கிலப் பட்டியலின் முதல் சொல் அதுதான். ஐ என்றால் தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தில் தொங்கும் மூன்று விரல் சோம்பல் விலங்கு. அங்குள்ள டூப்பி மக்கள் அதன் குரலைக் கேட்டு வைத்த பெயர். இன்று உலகமெல்லாம் அந்த இரண்டு எழுத்தை வேறொரு விஷயத்துக்குச் சொல்கிறது. ஆனால் சுருக்கெழுத்துகளுக்கு ஆட்டத்தில் இடமில்லை. பலகையில் இருப்பது அந்த அப்பாவிப் பிராணிதான். சூ என்பது வியட்நாம் நாட்டுக் காசு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்களுடைய ஸூ என்ற நாணயத்தின் பெயர் அங்கே போய்த் தங்கியது. காசு செலாவணியிலிருந்து போய்விட்டது; சொல் மட்டும் உலகமெங்கும் ஸ்க்ராபிள் மேஜைகளில் 9 புள்ளிக்குச் செலாவணியாகிக்கொண்டிருக்கிறது. கூம் என்று வேல்ஸ் நாட்டில் ஒரு சொல். மலைச்சரிவில் பனிப்பாறை குடைந்த கிண்ணம்போன்ற பள்ளம். எழுதினால் ஸி, டபிள்யூ, எம் என்று மூன்றே எழுத்து. ஆங்கிலேயன் உயிரெழுத்தென்று ஒப்புக்கொள்ளும் எதுவும் அதில் இல்லை. ஸாக்ஸ் என்பது கூரைக்குப் பலகைக்கல் வேய்கிறவன் கல்லை வெட்டவும் துளையிடவும் வைத்திருக்கும் கருவி. ஓடு போடும் கொத்தனாரின் கையிலிருந்த ஆயுதம், இஸட்டும் எக்ஸும் சேர்ந்த அதிர்ஷ்டத்தால் 19 புள்ளிக்குச் சொந்தக்காரனாகிவிட்டது.

ஜோ என்று ஒரு சொல். ஸ்காட்லாந்தில் அன்புக்குரியவரை அழைப்பது. ராபர்ட் பர்ன்ஸ், வயதான மனைவி தன் வயதான கணவனைப் பார்த்துப் பாடுவதாக அமைத்த பாட்டில் இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து மலையேறி, இப்போது சேர்ந்து இறங்குகிற வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு விளியில் அடங்கிவிடுகிறது. ஸ்க்ராபிளில் அதற்கு 9 புள்ளி. சூவுக்கும் 9, ஜோவுக்கும் 9.

என் அக்கா பேத்தி இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி. ஒரு விடுமுறையில் என்னோடு ஆடும்போது கூம் என்ற அந்தச் சொல்லை வைத்தாள். "இதற்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். "தாத்தா, அதெல்லாம் கேட்கக் கூடாது. புஸ்தகத்தில் இருக்கா, இல்லையா? சந்தேகமானால் சாலஞ்ச் பண்ணுங்க" என்றாள். அவள் சொன்னது விதிப்படி முழுக்கச் சரி. எதிராளி வைத்த சொல்லை ஐயப்பட்டால் எதிர்த்துக் கேட்கலாம். சொல் பட்டியலில் இல்லையானால் அவனுக்கு நஷ்டம். இருந்தால், அமெரிக்கப் பந்தய விதிப்படி, கேட்டவன் தன் முறையை இழக்கிறான். சொல் உண்டா என்று கேட்கலாம், பொருள் என்ன என்று கேட்க விதியில் இடமே கிடையாது. இல்லாத சொல்லைத் துணிந்து வைத்து எதிராளியை ஏமாற்றுவதுகூட ஆட்டத்தில் குற்றமல்ல, சாமர்த்தியம்.

பொருள் தெரியாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு உலகத்துக்கு ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார். நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூஸிலாந்துக்காரர், மலேசியாவில் வாழ்கிறவர், ஆங்கில ஸ்க்ராபிளில் 2007 முதல் 2019 வரை ஐந்து தடவை உலகப் பட்டம் பெற்றவர். அவர் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே, பிரெஞ்சுச் சொற்பட்டியலை ஏறக்குறைய 9 வாரம் படித்துவிட்டு 2015-ல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தார். 2018-ல் மறுபடியும் ஜெயித்தார். 2024-ல் ஸ்பெயினில் கிரனாடா நகரத்தில் ஸ்பானிஷ் பட்டத்தையும் வென்றார். ஸ்பானிஷும் அவருக்குப் பேச வராது. தாய்லாந்து ஆட்டக்காரர்கள் 2003-லும் 2009-லும் ஆங்கில உலகப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். 2015-ல் நைஜீரியாவைச் சேர்ந்த வெலிங்டன் ஜிகேரே வாங்கினார். ஆங்கிலேயன் வீட்டுச் சொத்து என்று எண்ணியதை உலகத்தார் எல்லோரும் சமமாக உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. ஷேக்ஸ்பியரைப் படிக்காதவனும் ஷேக்ஸ்பியர் நாட்டானைத் தோற்கடிக்கலாம்.

இதையெல்லாம் நான் குறைவாக மதிக்கவில்லை. இரண்டு லட்சம் எழுத்துக்கோவைகளை நினைவில் வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் ஏழையும் பலகையையும் பார்த்து, இன்னும் வெளிவராத சில்லுகள் எவை என்று கணக்கிட்டு, சிறந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை. ஸ்டீபன் பாட்ஸிஸ் என்ற பத்திரிகைக்காரர் 2001-ல் இந்தப் பந்தயக்காரர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர்களைப் பார்க்கப் போனவர் அவர்களில் ஒருவராகவே ஆகிவிட்ட கதை அது. படிக்க ருசியான புத்தகம். அதைப் படித்தால் இவர்களுடைய வெறி சதுரங்கக்காரர்களுடைய வெறிக்கோ சங்கீத வித்வான்களின் சாதகத்துக்கோ குறைந்ததல்ல என்பது தெரியும். என் கேள்வி ஆட்டக்காரர்களைப் பற்றியது அல்ல, அகராதியைப் பற்றியது. பொருளைக் கழித்துவிட்ட பிறகும் அது சொல்தானா?

இந்தக் கேள்வி ஒரு தடவை வழக்காகவே வந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க அம்மாள் இந்த அகராதியைப் புரட்டியபோது, யூதர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசைச்சொல் அதில் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். தேடப் போனால் நீக்ரோக்கள், ஸ்திரீகள், பல தேசத்தார் என்று எல்லோரையும் புண்படுத்தும் சொற்கள் வரிசையாக இருந்தன. அவர் கடிதங்கள் எழுதினார், அமைப்புகள் சேர்ந்தன, ஆட்டத்தின் சொந்தக்காரர்களான கம்பெனியார் அவற்றை நீக்கிவிடுவதாக 1994-ல் அறிவித்தார்கள். பந்தயக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். "எங்களுக்கு இவை சொற்களே அல்ல, புள்ளிகள். பொருளே இல்லாத இடத்தில் வசை எங்கிருந்து வந்தது?" என்பது அவர்கள் வாதம்.

முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 1995-ல் வந்த மூன்றாம் பதிப்பு வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகச் சுத்தம் செய்யப்பட்டது. பந்தயக்காரர்களுக்கு வேறொரு புத்தகம். அதில் எல்லாச் சொற்களும் இருந்தன, வசைகளும் இருந்தன. பொருள் மட்டும் இல்லை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்களே, ஒரு சொல்லுக்கும் பொருள் எழுதாமல், வெறும் பட்டியலாக அச்சடித்துக் கொடுத்தார்கள். அர்த்தம் இருந்தால்தானே புண்படும், அர்த்தத்தை எடுத்துவிடுவோம் என்று தீர்த்துவிட்டார்கள்.

நூல்களின் சரித்திரத்தில் இதைப்போன்ற ஓர் அபூர்வமான நிகழ்ச்சி வேறு இருக்குமா என்பது சந்தேகம். இரண்டு கட்சிக்கும் நியாயம் செய்வதாக எண்ணி இரண்டையும் கெடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம். பொருளை அச்சிடாமல் விட்டதால் வசை போய்விடவில்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்த வசையைத் தெருவில் கேட்டு வளர்ந்தவனானால், அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும் அவனுக்குப் பொருள் தெரியும். போனது எல்லாம் சீயும் கூமும் ஜோவும்தான். தீங்கு செய்கிற சொல்லின் பொருளை எல்லோரும் அறிவார்கள். நன்மை செய்கிற சொல்லின் பொருளைத்தான் அகராதி சொல்லித் தரவேண்டியிருக்கிறது. 2020-ல் வட அமெரிக்கச் சங்கத்தார் தங்கள் பட்டியலிலிருந்து 200-க்கு மேற்பட்ட இழிசொற்களை நீக்கினார்கள். மறு வருஷம் மற்ற நாடுகளில் ஆட்டத்துக்கு உரிமையுள்ள கம்பெனியாரும் 400 சொற்களை நீக்கினார்கள். வெறும் புள்ளிகள் என்ற வாதம் நிலைக்கவில்லை. பொருளை வாசல் வழியாக அனுப்பிவைத்தார்கள். கொல்லை வழியாக அது திரும்பி வந்துவிட்டது.

அது வரத்தான் செய்யும். ஏன் என்றால், பட்டியலுக்கு அதிகாரம் எங்கிருந்து கிடைத்தது? ஐந்து கல்லூரி அகராதிகளிலிருந்து. அந்த அகராதிக்காரர்கள் சொல்லை எப்படி ஏற்றார்கள்? யாரோ ஒருவர் எங்கேயோ ஏதோ ஒன்றைக் குறித்து அதைச் சொன்னார், எழுதினார் என்ற சாட்சியத்தின்மேல். வேல்ஸ் நாட்டு ஆட்டிடையன் ஒருவன் மலைப்பள்ளத்தைக் காட்டிக் கூம் என்று சொல்லாமலிருந்தால் என் பேத்திக்கு 10 புள்ளி கிடைத்திருக்காது. ஆகவே பொருளில்லாத பட்டியல் என்பது கடன் வாங்கிய முதலை வைத்துக் கடை நடத்திக்கொண்டு, கடன் கொடுத்தவனை வாசற்படி ஏறாதே என்று சொல்கிற காரியம்.

நம் முன்னோர்களும் சொற்களை நெட்டுருப் போட்டவர்கள்தாம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். ஆனால் நிகண்டு தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று பொருளை வைத்துத்தான் சொல்லை அடுக்கிக்கொண்டு போகிறது. பொருளை விட்டுவிட்டால் அந்தப் புத்தகத்தில் வரிசையே இல்லை. ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று நன்னூலார் கணக்குச் சொல்கிறார். ஆ என்றால் பசு, கா என்றால் சோலை, வீ என்றால் மலர். ஸ்க்ராபிள்காரன் கண்டால் மயங்கிப்போவான். ஆனால் பொருள் தராத ஓரெழுத்தை நன்னூலார் மொழி என்று சொல்வதில்லை, எழுத்து என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

என் கட்சியைத் தெளிவாக்க இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனிதர் பெயர், ஊர்ப் பெயர், ஜாதிப் பெயர் ஆகிய பெரிய எழுத்துச் சொற்களுக்கு ஸ்க்ராபிளில் இடமில்லை என்பது விதி. ஆனால் ஒரு பெயர் தன் பெரிய எழுத்தை இழந்து பொதுச் சொல்லாகிவிட்டால் உள்ளே வரலாம்.

2006-ல் அமெரிக்காவில் லெக்ஸிங்டன் என்ற ஊரில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஒருவர் க்விக்ஸாட்ரி என்ற எட்டெழுத்துச் சொல்லை வைத்து ஒரே முறையில் 365 புள்ளி பெற்றார். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது மொத்தம் 830. இரண்டும் அமெரிக்காவில் அப்போது சாதனை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 1605-லும் 1615-லும் செர்வான்டிஸ் என்ற ஸ்பானியர் இரண்டு பாகமாக வெளியிட்ட நாவலிலிருந்து. வீரகாவியங்களைப் படித்துப் புத்தி கலங்கி, நொண்டிக் குதிரையில் ஏறி, காற்றாலைகளை ராட்சசர்கள் என்று எண்ணிப் போருக்குப் போன ஒரு கிழவனை அந்த ஆசிரியர் சிருஷ்டித்தார். அவனைப் பார்த்து உலகம் சிரித்தது, சிரித்துக்கொண்டே நேசித்தது. நடைமுறைக்கு ஒத்துவராத உன்னத லட்சியத்துக்கு அவன் பெயரே பெயராயிற்று. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. பாத்திரம் புத்தகத்தைவிட்டு இறங்கி, பெரிய எழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மொழிக்குள்ளே குடியேறிவிட்டான். ஸ்பானிஷ் தெரியாதவர்களும் நாவலைப் படிக்காதவர்களும் அவனைத் தினமும் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவது சொல் நம் ஊரிலிருந்து போனது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் பல உண்டு. கட்டுமரம் போயிருக்கிறது, கறி போயிருக்கிறது, வெட்டிவேர் போயிருக்கிறது. மிளகுத்தண்ணீர் அடையாளம் தெரியாமல் வேஷம் மாறிப் போயிருக்கிறது. சுருட்டு ஷெரூட் ஆகி, ஆங்கிலத்தில் சரியாக ஏழெழுத்துப் பெற்று, ஒரே கையில் இறக்கினால் 50 புள்ளி அதிகம் வாங்கித் தருகிறது. இவையெல்லாம் கப்பலில் சரக்கோடு போன சொற்கள். ஆனால் இவற்றோடு பறையர் என்ற சொல்லும் போயிற்று. பறை முழக்கியவர்கள் என்ற பொருளில் அமைந்த, ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் அது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் வெள்ளைக்காரன் அதைக் கேட்டான். ஊருக்கு வெளியே அவர்களை ஒதுக்கி வைத்திருப்பதையும் கண்டான். இரண்டையும் சேர்த்து, பறையா என்றால் எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன் என்று தன் மொழியில் எழுதிக்கொண்டான். பெரிய எழுத்து அங்கேயும் போயிற்று. இன்று ஒரு நாட்டோடு மற்ற நாடுகள் உறவை முறித்துக்கொண்டால் ஆங்கிலப் பத்திரிகைகள் கூசாமல் அந்தச் சொல்லைப் போடுகின்றன.

பட்டியலாகப் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதி: பெரிய எழுத்தை இழந்த பெயர்கள். முதற்சொல்லின் சில்லுகளுக்கு 27 புள்ளி, இரண்டாவதற்கு 11. அவ்வளவுதான் வித்தியாசம். பொருளோடு பார்த்தால்தான் தெரிகிறது, ஒன்று ஒரு மகாசிருஷ்டியாளனின் கருணை ஒரு பெயரை உயர்த்தியதால் பிறந்த சொல், மற்றொன்று ஒரு சமூகத்தின் கொடுமை ஒரு பெயரைத் தாழ்த்தியதால் பிறந்த சொல் என்பது. இரண்டாவது சொல்லில் இருப்பது இங்கிலீஷ்காரனின் அலட்சியம் மட்டுமல்ல. அவன் கண்டதைத்தான் எழுதினான். காணும்படி வைத்திருந்தவர்கள் நாம். இந்தச் சொல்லைப் பொருளில்லாத பட்டியலில் படிக்கிறவனுக்கு இது ஒன்றும் தெரியப்போவதில்லை. பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாலும் தெரியப்போவதில்லை. பொருளும் பிறப்பும் சேர்த்து எழுதிய அகராதியில்தான் இது தெரியும். ஆகவே, வசைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு என் பதில், ஆட்டத்தில் எதிரே இருப்பவன் மனம் புண்படுமானால் பலகையிலிருந்து எடுத்துவிடலாம். ஓர் ஆட்டம் அதனால் கெட்டுவிடாது. ஆனால் அகராதியிலிருந்து எடுக்கக் கூடாது. அங்கே இன்னும் நாலு வரி சேர்த்து எழுதவேண்டும். விளையாட்டுப் பட்டியலையும் அகராதியையும் ஒன்றென்று எண்ணியதால்தான் இவ்வளவு குழப்பமும் வந்தது.

ஆட்டக்காரர்களைப் பற்றி இவ்வளவு சொன்ன நான் எழுத்தாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நியாயமாகாது. சொல்லைச் சில்லாக வைத்து ஆடுகிற பழக்கம் எங்களிடம் அதிகம். கதையில் ஒரு பெண் வந்தால் நிலவு, தென்றல் என்று சில சில்லுகளை எடுத்து அடுக்கிவிடுகிறோம். அரிய சொல் ஒன்று அகப்பட்டால் அதை எங்கே வைத்தால் அதிகப் புள்ளி கிடைக்கும் என்று பார்க்கிறோமே தவிர, அந்த இடத்தில் அதற்குக் காரியம் உண்டா என்று பார்ப்பதில்லை. வாசகரும் பல சமயம் சாலஞ்ச் செய்வதில்லை. சொல் அழகாக இருக்கிறதே என்று புள்ளியைக் கொடுத்துவிடுகிறார். நைஜல் ரிச்சர்ட்ஸ் தமக்கு பிரெஞ்சு தெரியும் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. பொருள் தெரியாமல் சொல்லடுக்குகிற எழுத்தாளனோ தனக்குத் தமிழ் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறான். இருவரில் யார் யோக்கியர் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

அந்த 1978-ம் வருஷத்து அகராதியைப் பற்றி என் முடிவான அபிப்பிராயம் இது. அரைகுறையான புத்தகம், ஆனால் வெறும் பட்டியலைவிட ஆயிரம் மடங்கு மேல். அதிலுள்ள ஒரு வரிப் பொருள்கள் எத்தனை சுருங்கியிருந்தாலும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. உள்ளே போகிறவனுக்கு ஹவாய் எரிமலை தெரிகிறது, வேல்ஸ் மலைப்பள்ளம் தெரிகிறது, கூரையின்மேல் உட்கார்ந்து கல் வெட்டுகிற தொழிலாளி தெரிகிறான். வீட்டில் பிள்ளைகள் இந்த ஆட்டம் ஆடினால் தடுக்காதீர்கள், நல்ல ஆட்டம். வெறும் பட்டியலை வைத்துக்கொண்டு ஆடினால் மட்டும், பக்கத்தில் பிறப்பும் பொருளும் சொல்கிற ஒரு பெரிய அகராதியையும் வாங்கி வையுங்கள். ஆட்டம் முடிந்து புள்ளி கூட்டிய பிறகு, பலகையைக் கலைப்பதற்கு முன்னால், அதிகம் தெரியாத இரண்டு சொற்களை அதில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கால்மணி நேரத்துக்குமேல் ஆகாது. தோற்றவனுக்கும் அன்றைக்கு ஏதோ கிடைத்ததாக இருக்கும்.